டூரிங் பைக்கை ட்ரைக் ஆக்கினால் மைலேஜ் எவ்வளவு குறையும்?

கேள்வி: ஹோண்டா கோல்ட் விங் மாதிரி பெரிய டூரிங் பைக்கைப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து ட்ரைக்காக மாற்றினால் மைலேஜ் எந்த அளவுக்கு அடிவாங்கும்? கூடுகிற எடைதான் காரணமா? இழந்ததைத் திரும்பப் பெற வழி உண்டா?

என்னுடையது 1832 சிசி கோல்ட் விங், 25 லிட்டர் டாங்க் உள்ள பழைய மாடல். இரண்டு சக்கரத்தில் ஓடிய காலத்தில் நெடுஞ்சாலையில் 110 வேகத்தில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 400 கிலோவைத் தாண்டும் அந்த வண்டியைச் சிக்னலில் காலூன்றிப் பிடிக்க முடியவில்லை. பயணத்தை விட்டுவிடவும் மனம் வரவில்லை. அதனால் ட்ரைக் ஆக்கினேன். இன்று அதே சாலையில், அதே 110 வேகத்தில் 13.4 கிடைக்கிறது. 95-ல் ஓட்டினால் 14.8. அதாவது ஒரே தூரத்துக்கு முன்பைவிடக் கால்பங்குக்குச் சற்று அதிகமாகவே பெட்ரோல் செலவாகிறது.

இந்த எண்ணுக்கு வந்துசேரவே எனக்குப் பல மாதம் பிடித்தது. மாற்றிய பிறகு முதல் டாங்க் முடிந்து கணக்குப் போட்டபோது வந்தது 11.9. மனது விட்டுப்போயிற்று. ஆனால் அந்த வீழ்ச்சியில் ஒரு பங்கு ட்ரைக் வடிவத்தின் குற்றமே இல்லை.

முதலில் ஓடோமீட்டர். கோல்ட் விங்கின் இந்த மாடலில் வேகத்தையும் தூரத்தையும் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள சென்சார்தான் கணக்கிடுகிறது. ட்ரைக் ஆக்கும்போது பின்னால் இருந்த 180/60 ஆர் 16 டயர் போய், கார் டயர் இரண்டு வருகிறது. நடுவில், எஞ்சினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும், வேறு பல் விகிதம் கொண்ட டிஃபரன்ஷியல் உட்காருகிறது. டயரின் சுற்றளவும் மாறிவிட்டது, விகிதமும் மாறிவிட்டது. மீட்டருக்கு இதெல்லாம் தெரியாது, அது பழைய கணக்கையே சொல்லும். கைபேசியில் ஜிபிஎஸ் போட்டுக்கொண்டு நேரான சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மீட்டர் 100 காட்டியபோது நான் உண்மையில் 106 கிலோமீட்டர் வந்திருந்தேன். ஆகவே 11.9 என்பது 12.6.

சிலருக்கு இது தலைகீழாக இருக்கும். மீட்டர் கூடுதலாகக் காட்டும், 'ட்ரைக் ஆக்கியும் மைலேஜ் குறையவே இல்லை' என்று சந்தோஷப்படுவார்கள். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, மீட்டரைத் திருத்தினீர்களா என்பதுதான். திருத்துவதற்கென்றே சிறிய மின்னணுக் கருவிகள் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் வண்டிக்கான பெருக்கல் எண்ணை ஒருமுறை கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொண்டால் போதும். தொழிற்சாலையிலிருந்தே ட்ரைக்காக வரும் வண்டிகளில், உதாரணமாக 2009 மாடலாக வெளிவந்த ஹார்லியின் ட்ரை கிளைடில், இந்தச் சிக்கல் இல்லை. மீட்டரும் கியர் விகிதமும் அந்த வண்டிக்கென்றே அமைத்தவை.

அளப்பதில் ட்ரைக்குக்கு ஒரு வசதி உண்டு. பைக்கில் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் ஒரு அளவு, நிமிர்த்தி நிரப்பினால் இன்னொரு அளவு. ட்ரைக் எப்போதும் நேராக நிற்கும். ஒரே பங்க்கில், ஒரே பம்பில் நிரப்பி, மூன்று டாங்க் ஓட்டிச் சராசரி எடுங்கள். ஒரே வகைப் பெட்ரோலாகவும் இருக்கட்டும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் ஏறக்குறைய 3 சதவீதம் குறைவு, அதுவே கணக்கைக் குழப்பிவிடும்.

இரண்டாவது விஷயம் பிரேக். ட்ரைக் ஆக்கும்போது பைக்கில் இல்லாத ஒரு பார்க்கிங் பிரேக்கைச் சேர்ப்பார்கள். ஸ்டாண்டு இல்லாத வண்டி உருண்டு போகாமல் நிற்க வேண்டுமே. ஒருநாள் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இறங்கும்போது என் மனைவி, "என்னங்க, ஏதோ தீயுற வாடை வருது" என்றார். குனிந்து பார்த்தால் இடது பின்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை, அனல் அடித்தது. வலதுபக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. மாற்றிக் கொடுத்தவர்கள் பார்க்கிங் பிரேக் கேபிளை இறுக்கமாகக் கட்டிவிட்டிருந்தார்கள். லீவரை முழுதாக விட்ட பிறகும் இடதுபக்கப் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இது மைலேஜ் பிரச்சினை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கேபிளைத் தளர்த்தியதும் 12.6 என்பது 13.4 ஆயிற்று.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காற்று இல்லாத காலை நேரத்தில், ஏற்ற இறக்கமில்லாத, ஆள் நடமாட்டமில்லாத சாலையில், 50 வேகத்தில் கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக உருளவிடுவேன். எங்கே 20-க்கு இறங்குகிறது என்று ஒரு கம்பத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்வேன். அடுத்த மாதம் அதே இடத்தில், அதேபோல். முன்னதாகவே வேகம் இறங்கிவிட்டால் பிரேக்கோ, பேரிங்கோ, டயர் காற்றோ ஏதோ ஒன்று பிடிக்கிறது என்று பொருள். எஞ்சினைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. செலவும் கிடையாது.

சரி, மீட்டரும் பிரேக்கும் ஒழுங்கான பிறகும் 17-க்கும் 13.4-க்கும் இடையே உள்ள வித்தியாசம் எங்கே போகிறது? கேட்பவர்கள் எல்லோரும் எடை என்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது சரிப்படவில்லை.

மாற்றத்தில் 150 கிலோ கூடியது என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து 60 வேகத்துக்கு அந்தக் கூடுதல் 150 கிலோவைக் கொண்டுபோகத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 21 கிலோ ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகா ஜூல் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. அதில் கால்வாசிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்தாலும், ஒருமுறை நின்று கிளம்ப ஆகும் கூடுதல் செலவு மூன்று மில்லிலிட்டர்கூட இல்லை. மலைப்பாதையில் 300 மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய 55 மில்லி. ஒரு சின்னத் தம்ளரில் பாதி. நகரத்துக்குள் கிலோமீட்டருக்கு நான்கு முறை நின்று கிளம்பினால் எடை கட்டாயம் கணக்கில் வரும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அதன் பங்கு சிறியது.

பெட்ரோலைத் தின்பது காற்று. பைக் பின்னால் குறுகிப் போகும் வடிவம், முன்னால் கிழிபட்ட காற்று ஓரளவுக்கு வழுக்கிப் பின்னால் சேர்ந்துவிடும். ட்ரைக்கின் பின்பாகம் ஒன்றே கால் மீட்டருக்கு மேல் அகலம். ஓட்டுபவரின் முழங்காலைத் தாண்டி வரும் காற்று நேராக அந்த ஃபைபர் மட்கார்டுகளின் முகத்தில் மோதுகிறது. அதற்குக் கீழே இரண்டு கார் டயர், ஆக்ஸில், சஸ்பென்ஷன் எல்லாம் திறந்து கிடக்கின்றன. வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று சுழன்று வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. மழை நாளில் என் வண்டிக்குப் பின்னால் நண்பர் ஒருவர் காரில் வந்தார். பைக்காக இருந்தபோது ஒரு கோடு மாதிரி எழும்பிய நீர்த்திவலை, இப்போது கார் கண்ணாடி முழுவதையும் மறைக்கிறது என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் கண்ணால் பார்த்த மாதிரி விளங்கியது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். காற்றை எதிர்கொள்ளும் பரப்பு எண்ணை (முகப்புப் பரப்பை வடிவத்துக்கான குணகத்தால் பெருக்கியது) பைக்குக்கு 0.6 சதுர மீட்டர் என்றும் ட்ரைக்குக்கு 0.8 என்றும் ஒரு மதிப்பீட்டுக்காக எடுத்துக்கொண்டேன். 100 வேகத்தில் பைக்கைத் தடுக்கும் காற்றின் விசை சுமார் 280 நியூட்டன், ட்ரைக்கைத் தடுப்பது 370. டயர் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு இரண்டுக்கும் முறையே 80, 100. ஆகக் கூடிய 110 நியூட்டனில் 90 காற்றினுடையது. மொத்த எதிர்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடியும் பெட்ரோல் செலவு அந்த அளவுக்குக் கூடாததற்குக் காரணம் எஞ்சின். இவ்வளவு பெரிய எஞ்சின் சும்மா லேசாக ஓடும்போது த்ராட்டில் பாதி மூடிய நிலையில் காற்றை உறிஞ்சவே கொஞ்சம் சக்தியை வீணாக்கும். பாரம் கூடும்போது த்ராட்டில் திறக்கிறது, அந்த வீணடிப்பு குறைகிறது.

அதனால்தான் வேகத்தைக் குறைப்பது ட்ரைக்கில் பைக்கைவிட அதிகப் பலன் தருகிறது. அதே கணக்கில் 90-லிருந்து 120-க்குப் போனால் ட்ரைக்கைத் தடுக்கும் மொத்த விசை சுமார் 400-லிருந்து 633 நியூட்டன் ஆகிறது. ஒன்றரை மடங்குக்கு மேல். எதிர்க்காற்று 20 வேகத்தில் வீசும் நாளில் 100-ல் போனால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 120-ல் போகிறீர்கள். காற்றுள்ள சமவெளியில் ஒரு டாங்க்கில் மட்டும் மைலேஜ் 12-க்கு விழுந்தால் வண்டிக்கு நோய் என்று நினைக்க வேண்டாம்.

ட்ரைக்குக்கே உரிய இன்னும் இரண்டு இழப்புகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்று, வளைவு. பைக் சாயும், வேகத்தை விடாமல் வளைவைத் தாண்டும். ட்ரைக் சாயாது. ஒவ்வொரு வளைவுக்கும் வேகத்தைக் குறைத்து, திரும்பிய பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் எனக்கு மைலேஜ் குறைவதற்கு ஏற்றத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் அனுபவம். வளைவைத் தூரத்திலேயே பார்த்து ஆக்ஸிலேட்டரை முன்கூட்டியே விடப் பழகினால், பிரேக்கில் வீணாகும் வேகம் மிச்சம். இரண்டு, நெரிசல். பைக்கில் சந்து கிடைத்தால் நுழைந்து முன்னால் போய்விடலாம். ட்ரைக் கார் மாதிரி வரிசையில் நிற்கும். ஆறு சிலிண்டர் எஞ்சின் நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருக்கும். நகரத்துக்குள் என் எண் 11-ஐத் தாண்டியதே இல்லை.

டயர் காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பின்னால் இருப்பது கார் டயர், காருக்கு 32, 33 பிஎஸ்ஐ அடைக்கிறோமே என்று இதிலும் அடைத்துவிடாதீர்கள். காரில் அந்த டயர் சுமக்கும் பாரத்தைவிட இங்கே மிகக் குறைவு. என் வண்டியை ட்ரைக்காக மாற்றும் பாகங்களின் தொகுப்பை, அதாவது கிட்டை, செய்தவர்கள் சொன்னது 22. மைலேஜுக்காக ஒருமுறை 34 வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் அளவுகோலுக்கே எட்டவில்லை. ஆனால் சின்ன மேட்டில்கூட வண்டி துள்ளியது, ஈரத்தில் பிடிப்பு போயிற்று, டயர் நடுவில் மட்டும் தேயத் தொடங்கியது. கிட் செய்தவர் சொல்லும் அளவை அப்படியே வையுங்கள். முன்சக்கரத்துக்குப் பைக் கையேட்டில் உள்ள அளவு.

கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு நேர்ச்சாலையில் போகும்போது வண்டி ஒருபக்கமாகவே இழுத்தால், பின் ஆக்ஸில் சட்டத்துக்குச் சரியான செங்குத்தில் இல்லாமல் இருக்கலாம். அப்போது டயர்கள் உருளாமல் ஓரளவு தேய்ந்துகொண்டே போகும். ஆக்ஸிலின் இரு முனைகளிலிருந்தும் சட்டத்தின் நடுக்கோட்டில் உள்ள ஒரே புள்ளிக்கு அளவு நாடா பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டாங்க் விஷயம் முக்கியம். 25 லிட்டரில் முன்பு 425 கிலோமீட்டர் போகலாம் என்பது இப்போது 335. 2018 மாடல் முதல் வந்த கோல்ட் விங்கில் டாங்க் 21 லிட்டர்தான். அதை ட்ரைக் ஆக்குபவர்கள் இதே மைலேஜ் கிடைத்தால் ஏறக்குறைய 280-ல் முடிந்துவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பங்க் அரிதான பாதையில் நான் உண்மையான 250 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பின்னால் டிரெய்லர் இழுத்தால் அதையும் 200-க்குக் குறைத்துக்கொள்வேன்.

ட்ரைக் ஆக்கலாமா வேண்டாமா என்பதை மைலேஜை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பது என் கருத்து. கால் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இப்போதைக்கு நான் உயரமான விண்ட்ஷீல்டைக் கழற்றிவிட்டு ஒரு சாண் குட்டையானதை மாட்டியிருக்கிறேன். அதே சாலையில், அதே 95 வேகத்தில் மூன்று டாங்க் முடிந்ததும் வரும் எண்ணை இந்தப் பதிலிலேயே சேர்க்கிறேன்.