சட்டம் கேளுங்கள்: முதலில் பதிவு, தையில் தாலியா?

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற சார்பதிவாளர்

கேள்வி: மகளுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. தையில் முகூர்த்தம் குறித்திருக்கிறோம். விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டுமாம். அடுத்த வாரம் அவர் விடுப்பில் வரும்போது பதிவை மட்டும் முடித்துவிடலாம், திருமணம் நடந்ததாகக் காட்டும் கோயில் ரசீதுக்குத் தெரிந்தவர் மூலம் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்கிறார் சம்பந்தி. சரியா? - ஒரு தந்தை, கரூர்

பதில்: வேண்டாம் ஐயா. இதே கோரிக்கையோடு பெற்றோர் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துத்தான் கவலையாக இருக்கும். விண்ணப்பத்தில் திருமணம் நடந்த தேதி, இடம் இரண்டையும் கேட்பார்கள். நடக்காத ஒன்றை எழுதி, அதன் கீழ் உங்கள் மகள் கையெழுத்திட வேண்டியிருக்கும். தைக்குள் இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு வந்தால், தாலியே ஏறாத அந்தப் பெண் ‘எனக்குத் திருமணம் ஆகவில்லை’ என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. விமானிகளான இருவர் சடங்குக்கு முன்பே சான்றிதழ் வாங்கிப் பதிவும் செய்துகொண்டார்கள். பிறகு பிணக்கு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உரிய சடங்கு நடக்காவிட்டால் அது இந்துத் திருமணமே ஆகாது, சான்றிதழ் மட்டும் அதைத் திருமணமாக்கிவிடாது என்று 2024 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

உங்களுக்கு நேர்வழி இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கிறது. புரோகிதர் தேவையில்லை. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும். இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வந்திருக்கும்போது உங்கள் வீட்டுக் கூடத்திலேயே மனமார இதைச் செய்யுங்கள், படம் எடுங்கள், அந்தத் தேதியையே எழுதிப் பதியுங்கள். ஆனால் ஒன்று: சட்டப்படி அன்றே அவள் மனைவி. தையில் நடப்பது ஊர் கூடி வாழ்த்தும் விழா. இதற்கு மகளின் முழுச் சம்மதம் இருக்கிறதா என்று அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். சிறப்புத் திருமணச் சட்டம் என்ற வழியும் உண்டு; அதில் 30 நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால் அவருடைய விடுப்புக்குள் அடங்காது.

பெயரில் மிகக் கவனமாக இருங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்து படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஆதாரில் ‘மு. கலைச்செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘கலைச்செல்வி முருகேசன்’, பத்திரிகையில் வெறும் ‘கலா’ என்று இருந்தால், தூதரகத்தில் மூன்று பெண்களாகத் தெரியும். விசாவுக்குப் போகும் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வர வேண்டும். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன்பே இதை முடிவு செய்யுங்கள். கையெழுத்திடுமுன் விண்ணப்பத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: 1994-ல் குலதெய்வக் கோயிலில் எங்கள் திருமணம் நடந்தது. பதியவில்லை. அது செல்லாது என்று மருமகன் சொல்கிறார். - வாசகி, தேனி

பதில்: செல்லும் அம்மா, நிம்மதியாக இருங்கள். பதியாததால் இந்துத் திருமணம் செல்லாமல் போகாது என்று சட்டமே சொல்கிறது. எல்லா மதத்தினரும் பதிந்தே ஆக வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2009 நவம்பர் 24-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் மணந்தவர்களுக்கு 90 நாள் அவகாசம். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஆனாலும் பிற்காலத்தில் குடும்ப ஓய்வூதியம், வாரிசுரிமை என்று வரும்போது அலைவது பெரும்பாலும் மனைவிதான். கணவரை அழைத்துக்கொண்டு, திருமணத்தை நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்துவிடுங்கள்.