பாடசாலை விட்டதும் மரதன் பயிற்சி: மகளை நிறுத்திவிடலாமா?

மாங்குளத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் மகளை இல்ல மெய்வல்லுநர் போட்டியின் மரதன் ஓட்டத்துக்குத் தெரிவு செய்திருக்கிறார்கள். பாடசாலை விட்டதும் பயிற்சி. சென்ற வாரம் தலையிடியும் வாந்தியுமாகத் தள்ளாடி வீடு வந்தாள். ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?"

ஓட்டத்தை நிறுத்த வேண்டாம் அம்மா. பாடசாலை விட்டதும் பகல் ஒன்றரைக்கு நடக்கும் பயிற்சியை நிறுத்துங்கள். ஆனால் அதற்கு முன் மகளை வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பவை உடல் சூட்டைத் தாங்க முடியாமல் தளர்ந்ததன் அடையாளங்கள். இரத்தச்சோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதுப் பெண்பிள்ளைகள் பலர் அது தெரியாமலே மூச்சிரைக்க ஓடுகிறார்கள்.

வன்னியில் மாரி ஓய்ந்ததும் வெயில் மளமளவென்று ஏறிவிடும். நமது போட்டிகளும் அந்த நாட்களில்தான் வருகின்றன. சூட்டுக்குப் பழக உடலுக்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அதற்குப் பிறகுதான் வியர்வை விரைவாகச் சுரக்கும், இதயமும் சிரமமின்றி இயங்கும். மூன்று வாரம் இருக்கிறது என்பது நல்ல செய்தி. வைத்தியர் சம்மதித்த பின் முதல் நாள் பதினைந்து நிமிட மெல்லோட்டம் போதும். பிறகு ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

ஆசிரியர்கள் ஒன்றரைக்குப் பயிற்சி வைப்பதன் காரணம் எனக்குத் தெரியும். பிந்தி வைத்தால் பின்னேர பஸ் போய்விடும், அதை விட்டால் உட்கிராமத்துப் பிள்ளைகள் வீடு போக வழியில்லை. ஆகவே ஆசிரியரோடு முரண்படாமல் மாற்று வழியைக் கேளுங்கள். காலைக்கூட்டத்துக்கு முன் மைதானத்தில் முப்பது நிமிடம் ஓடலாம். விடுமுறை நாட்களில் உங்கள் ஊர் விளையாட்டுக் கழக மைதானத்தில் ஓடலாம். யானை நடமாடும் பாதையானால் விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் வீதியில் ஓட விடாதீர்கள். காலை ஓட்டத்துக்கு வெறும் வயிற்றோடு அனுப்பவும் வேண்டாம். ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு பாணோ போதும்.

ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது பிழை. நான் ஓடிய காலத்திலும் வாயைக் கொப்பளித்துத் துப்பத்தான் சொன்னார்கள். எத்தனை பிள்ளைகள் அதனால் சுருண்டு விழுந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடித்தால்தான் வயிறு பிடிக்கும். இடையிடையே சில மிடறு குடிப்பதில் தீங்கில்லை. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும், கடும் மஞ்சளானால் போதவில்லை. வியர்த்துக் கொட்டிய நாளில் ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு-சீனித் தூள்) சரியாக ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் கொடுக்கலாம். உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரும் மோரும் நல்லவை.

எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஓடும் பிள்ளை தடுமாறி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அல்லது மயங்கி விழுந்தால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். "வியர்க்கிறதே, பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். ஓட்டத்தில் வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்வை இருக்கவே செய்யும். ஒருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்க, மற்றவர்கள் பிள்ளையை நிழலுக்குக் கொண்டுபோய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வாகனம் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளியாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அதற்குப் பிறகும் நண்பகலில் பிள்ளைகளை ஓடவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

போட்டி நாளன்று மரதன் எத்தனை மணிக்குத் தொடங்கும், வழியில் எங்கெங்கே தண்ணீர் வைப்பார்கள், பின்னால் வாகனம் வருமா என்று அதிபரிடம் இப்போதே கேளுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி, தண்ணீரும் வாகனமும் உண்டென்றால் மகளை மனநிறைவோடு அனுப்புங்கள். ஒன்பது மணிக்கு மேல்தான் என்றால் மற்றப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போய் நேரத்தை மாற்றக் கேளுங்கள். மாற்றாவிட்டால் இந்த ஆண்டு அவள் ஓட வேண்டாம்.