‘ஹேவ் எ லுக்’கா, ‘டேக் எ லுக்’கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகன் ஆங்கிலக் கட்டுரையில் ‘டேக் எ லுக்’ என்று எழுதியிருந்தான். துணைப்பாட ஆசிரியர் அதை அடித்துவிட்டு ‘ஹேவ் எ லுக்’ என்று திருத்தியிருக்கிறார். என் அலுவலகத்திலோ அமெரிக்க மேலதிகாரி எந்த மின்னஞ்சலிலும் ‘டேக் எ லுக்’ என்றுதான் எழுதுகிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, செங்காங்)

பதில்: இரண்டும் சரிதான் அம்மா, சிவப்பு மைதான் வீண். பிரிட்டிஷ்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் பெரும்பாலும் ‘ஹேவ்’ போடுவார்கள், அமெரிக்கர்கள் ‘டேக்’ போடுவார்கள். பிரிட்டனிலும் ‘டேக் எ லுக்’ தாராளமாகக் காதில் விழும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குளிப்பதிலும் இதே கதைதான்: அங்கே ‘ஹேவ் எ பாத்’, அமெரிக்காவில் ‘டேக் எ பாத்’. நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சொல்லித் தருவது பிரிட்டிஷ் வழக்கு (‘கலர்’ என்று எழுதும்போது ‘யூ’ போடுகிறோமே, அதே வழக்கு), அதனால் ஆசிரியருக்கு ‘ஹேவ்’ கை பழகியிருக்கலாம். ஆனால் பழக்கமில்லாதது எல்லாம் பிழையாகிவிடாது.

உங்கள் மகன் அதற்கு அடுத்த சொல்லை என்ன எழுதினான் என்று பாருங்கள், நான் கவலைப்படுவது அதற்குத்தான். நாம் ‘படத்தைப் பார்’ என்கிறோம், அந்த ‘ஐ’ உருபு ஒட்டிக்கொண்டதும் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘அட்’ என்ற தனிச்சொல் செய்கிறது, நம் ஆட்கள் அதைத்தான் முழுங்கிவிடுகிறார்கள். ‘ப்ளீஸ் லுக் தி அட்டாச்மென்ட்’ என்று எத்தனை மின்னஞ்சல்கள் வருகின்றன தெரியுமா, அதுவும் பெரிய படிப்புப் படித்தவர்களிடமிருந்து! ‘லுக் அட் தி அட்டாச்மென்ட்’, ‘ஹேவ் எ லுக் அட் தி அட்டாச்மென்ட்’, எப்படிப் போனாலும் ‘அட்’ வேண்டும். அந்த இடத்தில் ‘இன்டு’ போட்டால் பொருளே மாறிவிடும். ‘லுக் இன்டு இட்’ என்றால் விசாரித்துப் பார்ப்பது. படத்தைக் காட்டி ‘லுக் இன்டு இட்’ என்றால் அதில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருப்பது போல ஆகிவிடும்.

சரி, ‘லுக்’ என்று ஒரே சொல்லில் முடியாதா, எதற்கு ‘ஹேவ் எ’ என்று ஒரு வால்? இரண்டு காரணம் சொல்லலாம். ‘லுக் அட் திஸ்’ என்பது கட்டளை மாதிரி விழும், ‘ஹேவ் எ லுக் அட் திஸ்’ என்றால் ‘கொஞ்சம் பாருங்களேன்’ என்ற குழைவு வந்துவிடும். அப்புறம், ‘லுக்’ இங்கே பெயர்ச்சொல் ஆகிவிடுவதால் அதன் முன்னால் அடைமொழியைச் செருகிக்கொள்ளலாம்: மேலோட்டமாகப் பார்த்தால் ‘குயிக் லுக்’, நன்றாகப் பார்த்தால் ‘குட் லுக்’, உற்றுப் பார்த்தால் ‘குளோசர் லுக்’, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தன் நிலைமையைத் தானே எடைபோட்டால் ‘லாங் ஹார்ட் லுக்’. வினையை மட்டும் மாற்றி ‘கேவ்’ போட்டால் கதையே வேறு. ‘மை மதர் கேவ் மீ எ லுக்’ என்று மகன் எழுதினால், நீங்கள் அவனை முறைத்தீர்கள் என்று பொருள், அதைத் திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தேர்வுக்கு உதவாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த ‘லுக்’ இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ்காரர்கள் ஊர் ஊராகப் பொறுக்கிய சொற்களையும் போட்டுக்கொள்வார்கள். ‘ஹேவ் எ டெக்கோ’ என்று வயதான ஆங்கிலேயர் யாராவது சொன்னால், அந்த ‘டெக்கோ’ இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தியிலிருந்து எடுத்துப்போன ‘தேக்கோ’தான். ‘ஷுஃப்டி’ அரபியிலிருந்து வந்தது. லண்டன் கிழக்குப் பகுதிக்காரர்கள் ‘ஹேவ் எ புட்சர்ஸ்’ என்பார்கள். ‘புட்சர்ஸ் ஹுக்’, அதாவது கசாப்புக்காரரின் கொக்கி. ‘ஹுக்’ ‘லுக்’குக்கு எதுகையாக விழுகிறது, அவ்வளவுதான் சம்பந்தம். எதுகைக்காகக் கொக்கியைக் கொண்டுவந்து, கடைசியில் அந்தக் கொக்கியையும் கழற்றிவிட்டார்கள் பாருங்கள், நம் ஊர்ப் புலவர்கள்கூட இந்த அளவுக்குப் போனதில்லை!

கேள்வி: தேக்காவில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் உள்ளே வந்ததும் ‘ஜஸ்ட் ஹேவிங் எ லுக்’ என்கிறார்கள். நாலைந்து புடவையை விரித்துக் காட்டினால் சங்கடப்பட்டு வெளியே போய்விடுகிறார்கள். வாங்க மாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?
(வாசகி, சிராங்கூன் ரோடு)

பதில்: இல்லை, ‘இப்போதைக்கு என்னைத் தனியாக விடுங்கள்’ என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள். நம் சனங்களும் ‘சும்மா பார்க்கிறேன்மா’ என்றுதான் ஆரம்பிப்பார்கள், நீங்களும் கேட்காத மாதிரி ‘பாருங்கக்கா, பார்க்கக் காசா கேட்கிறோம்’ என்று விரித்துப்போடுவீர்கள், கடைசியில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டும் போவார்கள். அந்த வித்தை இவர்களிடம் எடுபடாது. புடவையை விரித்துவிட்டால், வாங்காமல் போவது தப்பு என்று அவர்களுக்கு உறுத்தும், அதனால்தான் ஓடுகிறார்கள். ‘ஷ்யூர், டேக் யுவர் டைம்’ என்று சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்று ஏதாவது மடித்துக்கொண்டிருங்கள். அவர்களே அலமாரியைக் காட்டி ‘கேன் ஐ ஹேவ் எ லுக் அட் தட் ஒன்?’ என்று கேட்பார்கள், அப்போது விரியுங்கள், முந்தானையோடு. நம் சிங்கப்பூர் ‘சீ சீ லுக் லுக்’ எல்லாம் நமக்குள் இருக்கட்டும், வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

கேள்வி: சம்பள உயர்வு கேட்டு மேலாளருக்கு எழுதினேன், ‘ஐ வில் ஹேவ் எ லுக்’ என்று பதில் வந்தது. நம்பலாமா?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: உங்கள் கடிதத்தைத் திறந்து படிப்பார், அதை நம்பலாம். ‘பார்க்கலாம்’ என்று நம் பெரியவர்கள் சொல்வதைவிட இது கொஞ்சம் உசத்தி, ‘செய்கிறேன்’ என்பதைவிட நிறையவே குறைவு. கொஞ்ச நாள் விட்டு, ‘ஹேவ் யூ ஹேட் எ சான்ஸ் டு லுக் அட் இட்?’ என்று ஒரு வரி எழுதுங்கள். நச்சரிப்பாகத் தெரியாது, பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. ஆனால் அதே மேலாளர் ‘குட் யூ ஹேவ் எ லுக் அட் திஸ் வென் யூ ஹேவ் எ மொமென்ட்?’ என்று உங்களுக்கு எழுதினால் நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அது அன்றைய வேலை.

கேள்வி: ‘லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’, ‘லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’, எது?
(வாசகர், ஈசூன்)

பதில்: ‘மீட்டிங்’. அந்த ‘டு’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும்: ‘லுக் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், ‘ஹாலிடேஸ்’ உட்காரும் இடத்தில்தான் ‘மீட்டிங் யூ’வும் உட்காருகிறது. வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப்போகிறீர்கள் என்று தெரிகிறது, அனுப்புவதற்கு முன் கடைசி வரியை மாற்றிவிடுங்கள்.