சமூகப்பணிப் படிப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நல்ல மார்க். நாங்கள் பி.காம். என்று நினைத்திருக்க, அவள் மங்களூரு ரோஷினி நிலையத்தில் பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சின்ன வயதிலிருந்தே இரக்க குணம் அவளுக்கு. தெருநாய்க்குச் சோறு வைக்காமல் தான் சாப்பிட மாட்டாள். அதனால் இந்தப் படிப்பு பொருந்தும் என்று எனக்கும் படுகிறது. ஆனால் என் மாமியார், "கன்னியாஸ்திரிங்க நடத்துற காலேஜ், பிள்ளைய மதம் மாத்திருவாங்க" என்கிறார். கணவர், "சேவை செய்யறதுக்கு எதுக்கு டிகிரி? வேலை கிடைக்குமா?" என்கிறார். நீங்கள் தொண்டு நிறுவனத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். சேர்க்கலாமா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

மாமியாரின் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். ரோஷினி நிலையம் 1960இல் தொடங்கியது. நடத்துபவர்கள் 'டாட்டர்ஸ் ஆஃப் த ஹார்ட் ஆஃப் மேரி' என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையினர். மும்பையின் நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியும் (1955) அவர்களுடையதுதான். பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், 1790இல் உருவான சபை அது. அதனால் அவர்களுக்குத் தனி அங்கி கிடையாது. அட்மிஷனுக்கு உங்கள் மாமியாரும் கூட வந்தால் யார் சிஸ்டர், யார் டீச்சர் என்று கண்டுபிடிக்கவே திணறுவார்.

கிறிஸ்தவக் கல்லூரி என்றால் ஜெபம் இருக்கும், கிறிஸ்துமஸ் விழா இருக்கும். நம் ஊரில் எத்தனையோ பேர் கான்வெண்டில் படித்துவிட்டுப் பழனிக்கும் நடந்து போகிறார்கள். ஆனால் பாடம் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். கேஸ் வொர்க் என்ற பாடத்தில், அதாவது உதவி தேடி வருபவர் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக வேலை செய்யும் முறையில், ஏழு கொள்கைகள் வரும். 1957இல் அவற்றை வகுத்தவர் சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பீஸ்டெக், ஒரு இயேசு சபைப் பாதிரியார். உதவி தேடி வந்தவரை எடைபோடாதே, அவர் வாழ்க்கை பற்றிய முடிவை அவரே எடுக்கட்டும் என்பவை அவற்றில் இரண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி கேட்காமலே அவர் தலையில் கைவைத்து ஜெபிப்பதும், நெற்றியில் விபூதி பூசிவிடுவதும் அந்தப் பாடத்தின்படி ஒரே தப்புதான். நாட்டின் முதல் சமூகப்பணிக் கல்லூரியும் ஒரு மிஷனரியின் யோசனையில் வந்ததே. பம்பாய் நாக்பாடாவில் வேலை செய்துகொண்டிருந்த கிளிஃபர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்கர், டாடா அறக்கட்டளையின் பணத்தில் 1936இல் தொடங்கினார். இன்றைய டிஸ், அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனம், அதுதான். அங்கே யாரும் ஞானஸ்நானம் கேட்பதில்லை.

உங்களோடு நான் உடன்படாத இடம் வேறு. இரக்க குணம் இருப்பதால் இந்தப் படிப்பு பொருந்தும் என்கிறீர்கள். என் அனுபவத்தில், ரொம்ப இரக்கப்படும் பிள்ளைகள்தான் முதல் வருடம் அதிகம் தடுமாறுகிறார்கள்.

எங்கள் நிறுவனத்துக்கு ஃபீல்டு வொர்க், அதாவது களப்பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி. வாரம் இரண்டு நாள் வருவாள். போன வீடு, பேசிய பேச்சு எல்லாவற்றையும் ரெக்கார்டு நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நாள், தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் வரவில்லை, அதனால் என் கையிலிருந்த 200 ரூபாயைக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாள். எழுத்தில் அப்படியொரு நிறைவு. அடுத்த வாரம் அந்தத் தெருவில் இவளுக்காக நாலைந்து பேர் வாசலில் காத்திருந்தார்கள். பாட்டியோ, "இந்த வாரம் இல்லையா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். அழுதுகொண்டு வந்தாள். நான் கேட்டது ஒன்றுதான்: பாட்டியின் மனு ஏன் தள்ளுபடியானது? தெரியவில்லை அவளுக்கு. அப்புறம் இ-சேவை மையம், வி.ஏ.ஓ., தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் என்று பாட்டியைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். ஆதாரில் பாட்டியின் வயது 54 என்று இருந்திருக்கிறது. பென்ஷனுக்கு 60 வேண்டும். முகத்தைப் பார்த்தால் எழுபதுக்குக் குறையாது, கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? அதைத் திருத்த வைத்து, திரும்ப மனுப் போட்டு, மாதம் 1,200 ரூபாய்க்கு ஆர்டர் வருவதற்குள் அவளுடைய ஃபீல்டு வொர்க்கே முடிந்துவிட்டது. பாட்டி அவளை ஒருமுறைகூடப் புகழவில்லை.

மூன்று வருடமும் உங்கள் மகள் படிக்கப்போவது இதைத்தான். கொடுக்கத் துடிக்கும் கையைக் கொஞ்சம் கட்டிவைத்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பது. உங்கள் கணவரின் 'எதுக்கு டிகிரி'க்கும் இதுதான் என் பதில். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு விடுதி, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று கைவசம் நிறைய உண்டு. பயிற்சிக்கு வசதிதான். ஆனால் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற பழைய தர்மப் பழக்கமும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கோயில் அன்னதானத்தில் அது இல்லையா என்று கேட்டால், இருக்கிறது.

வேலை விஷயத்தில் உங்கள் கணவரின் கவலை நியாயமானது. பி.எஸ்.டபிள்யூ. மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் நடக்காது. 2017 மனநலச் சட்டத்தின்படி மனநல சமூகப் பணியாளர் ஆக முதுகலையும் அதன்மேல் எம்.ஃபில். பட்டமும் வேண்டும். வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி சமூகப்பணிக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. இதைவிட வேடிக்கை, 2015 சிறார் நீதிச் சட்டம். குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் வழக்கை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமத்தில் 'சமூகப் பணியாளர்' இரண்டு பேர் இருக்க வேண்டும் என்கிறது. ஏழு வருடக் களப்பணி இல்லாதவர் என்ன படித்திருக்க வேண்டும் என்ற பட்டியலில் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் எல்லாம் உண்டு. சமூகப்பணிப் பட்டம் இல்லை! வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020இல் சட்டம் திருத்தியதிலிருந்து தொண்டு நிறுவனச் சம்பளங்களும் இறுகிவிட்டன. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) போகிற பலர் ஹெச்.ஆர். (மனிதவள) பிரிவை எடுப்பது ஏன் என்று இப்போது புரியும். ஆக, ஐந்து வருடப் படிப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சேர்க்கலாமா? இந்தப் படிப்பில் சேர்க்கலாம். மங்களூருதான் எனக்கு இடிக்கிறது, மதத்தால் அல்ல, மொழியால். அங்கே வீடு வீடாகப் போனால் கன்னடம், துளு, கொங்கணி, பியாரி என்று பேசுவார்கள். குடிகாரக் கணவனைப் பற்றி ஒரு பெண் தன் பாஷையில் தாழ்ந்த குரலில் சொல்லும்போது, பக்கத்தில் தோழியை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. முதல் பட்டத்தைத் தமிழ் பேசும் ஊரில் முடித்துவிட்டு, முதுகலைக்கு மங்களூரோ மும்பையோ போகட்டும் என்பது என் யோசனை. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, அது கிறிஸ்தவக் கல்லூரியும் இல்லை. எங்கே போனாலும், கட்டண விவரம் வாங்கிய கையோடு இறுதியாண்டுப் பிள்ளைகள் நாலு பேரைப் பிடித்து, ஃபீல்டு வொர்க் எங்கே போட்டார்கள், ரெக்கார்டை யாராவது நிஜமாகவே படிக்கிறார்களா என்று கேளுங்கள். அவள் மங்களூருதான் என்று பிடிவாதமாக நின்றால், இன்றிலிருந்தே கன்னட எழுத்துப் பழகச் சொல்லுங்கள். துளு அங்கே போய் வந்துவிடும்.