ஆச்சிக்கு ஷாக் வைக்கலாமா?

காரைக்குடித் தம்பிக்கு,

ஆச்சி மனச்சோர்வில் சோறு தண்ணி தொடாமல் வளவிலேயே சுருண்டு கிடக்கிறார்கள், டாக்டர் ஈசிடி (தலையில் கொஞ்சமாகக் கரண்ட் செலுத்தி வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை) என்கிறார், உறவுக்காரர்களோ "கரண்ட் வைத்தால் மூளை கலங்கிவிடும்" என்று தடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தள்ளிப்போடாதீர்கள் தம்பி. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். சாப்பிடாத வயதானவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

உறவுக்காரர்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1938-இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு டாக்டர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. வலிப்பின் உதறலில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. பிறகு நோயாளிகளை அடக்கி வைக்கவும் சில இடங்களில் பயன்படுத்தினார்கள், அது கொடுமைதான். சினிமா இன்னும் அதையேதான் காட்டுகிறது. இன்றோ மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே தடை செய்திருக்கிறது.

தேவகோட்டைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தபோது நான் கூட இருந்தேன். காலையில் வெறும் வயிறு. பல்செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்தார்கள், பிறகு காபி கேட்டார்கள். அந்தச் சமயத்தில் வீட்டில் நடந்த நிச்சயதார்த்தம் மட்டும் இன்றுவரை அவர்களுக்கு நினைவில்லை. மறதி உண்மையான பக்கவிளைவு, மறைக்க மாட்டேன். பெரும்பாலும் சிகிச்சையை ஒட்டிய நாட்கள்தான் போகும்; சிலருக்குப் பழையதும் விடுபடும்.

தலையின் ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மறதி குறையும், ஆச்சிக்கு அது சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயம், பிரஷர் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். குணமானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நோய் மறுபடி வந்துவிடலாம்.