பி.டி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்கா போனால் பல் டாக்டராகலாமா? பல் சுத்தம் செய்கிற ஹைஜீனிஸ்டாவது ஆகலாமா?

பாளையங்கோட்டையில் கிளினிக் பார்க்கிறீர்கள், கணவர் டெக்சாஸ் மாநிலத்து டல்லாசில், "போனதும் ஒரு பரீட்சை எழுதினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, தங்கச்சி. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி ஆலோசனை சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்கா முழுமைக்கும் செல்லுபடியாகிற பல் டாக்டர் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. லைசென்ஸ் தருகிற ஒவ்வொரு மாநில போர்டும் தனித்தனி. நாடு முழுக்கப் பொதுவாக இருப்பது எழுத்துத் தேர்வு மட்டும்தான்: ஐ.என்.பி.டி.இ. இரண்டு நாள், 500 கேள்வி. முதல் நாள் 360, அடுத்த நாள் 140. ஐந்து வருடம் அல்லது ஐந்து முறை, எது முதலில் முடிகிறதோ அதற்குள் பாஸ் ஆக வேண்டும். பாஸ் ஆனாலும் கையில் லைசென்ஸ் வராது. அநேகமாக எல்லா மாநிலமும் 'கோடா' (பல் மருத்துவப் படிப்புகளுக்கான அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் படிப்பைக் கேட்கும். நம் பி.டி.எஸ். அதில் வராது. அதனால் அட்வான்ஸ்ட் ஸ்டாண்டிங் என்ற வழியில் இரண்டு, மூன்று வருடம் திரும்பவும் படித்து அங்கத்திய பல் டாக்டர் பட்டமான டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. வாங்க வேண்டும். செலவு கோடியைத் தாண்டும். இன்டர்வியூவோடு பல கல்லூரிகள் கைவேலையைப் பார்க்கும் பெஞ்ச் டெஸ்டும் வைக்கும். டைப்போடான்ட் என்ற பொம்மைத் தாடையின் பல்லில், கிரவுன் மாட்டுவதற்காகப் பல்லைச் செதுக்கும் கிரவுன் பிரெப், பக்கவாட்டுச் சொத்தைக்குக் குழி வெட்டும் கிளாஸ் டூ. கை பழக்கம் விட்டுப்போயிருந்தால் மாட்டுகிற இடம் இதுதான். முழுப் படிப்பு வேண்டாமென்றால், கோடா அங்கீகாரமுள்ள சிறப்புப் பயிற்சியை இரண்டு வருடமாவது முடித்தவர்களை டெக்சாஸ் ஏற்கிறது. அதில் சீட் கிடைப்பது தனிப் பாடு.

படிப்புக்குப் பிறகு கிளினிக்கல் தேர்வு, மாநிலச் சட்டத் தேர்வு, கைரேகை. இதிலும் ஊருக்கு ஒரு நியாயம். நியூயார்க்கில் 2007 முதல் கிளினிக்கல் தேர்வே கிடையாது, அதற்குப் பதில் ஒரு வருட ரெசிடென்சி (மேற்பார்வையில் பயிற்சி) கட்டாயம்.

அடுத்து ஹைஜீனிஸ்ட். நம் ஊரில் ஸ்கேலிங்கை டாக்டரே செய்துவிடுவதால், 'அதுதானே, சும்மா கிடைக்கும்' என்று ஒரு நினைப்பு. அங்கே ஸ்கேலிங், பல் வேரைச் சுத்தம் செய்யும் ரூட் பிளேனிங், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பாக்கெட் அளப்பது, எக்ஸ்ரே, சொத்தை வராமல் பூசும் சீலன்ட், ஃபுளோரைடு எல்லாம் அவர் வேலை. பல்லைத் துளைக்கவோ பிடுங்கவோ கூடாது. மரப்பு ஊசி போட டெக்சாஸ் ஹைஜீனிஸ்டுகளுக்கு 2023 சட்டத்துக்குப் பிறகுதான் வழி பிறந்தது. அந்த லைசென்சுக்கும் கோடா அங்கீகாரமுள்ள ஹைஜீன் படிப்பு (குறைந்தது இரண்டு வருடம்), பிறகு 350 கேள்வி கொண்ட என்.பி.டி.எச்.இ. என்ற ஹைஜீனிஸ்ட் தேர்வு வேண்டும். டெக்சாசில் பி.டி.எஸ்.ஸைக் காட்டி இதைத் தாண்ட முடியாது.

"என் மதினி ஃபுளோரிடாவில் அப்படித்தானே ஆனாள்?" என்று சண்டைக்கு வராதீர்கள். உண்மைதான். வெளிநாட்டில் நான்கு வருடப் பல் மருத்துவம் படித்தவர்கள் நேரே ஹைஜீனிஸ்ட் தேர்வுகளுக்கு உட்கார ஃபுளோரிடா விடுகிறது. ஆனால் அவள் வீட்டுக்காரருக்கு வேலை டல்லாசுக்கு மாறினால் அந்த லைசென்ஸ் அவளோடு வராது.

விசாவையும் பாருங்கள். எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவிக்கான எச்-4 என்றால் படிக்கலாம், இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. 'அசிஸ்டென்டாக நின்றுகொள்' என்பார்கள், அதற்கும் அட்டை வேண்டும். எக்ஸ்ரே எடுக்க டெக்சாசில் போர்டின் ஆர்.டி.ஏ. (பல் அசிஸ்டென்ட்) பதிவும் வேண்டும்.

இதையெல்லாம் விட அதிகம் பேர் இடறுவது பெயரில். இன்ஷியலை என்னவென்றே தெரியாத ஃபாரங்களை யார்தான் கண்டுபிடித்தார்களோ! பட்டத்தில் 'இசக்கியம்மாள் எஸ்.' பாஸ்போர்ட்டில் இசக்கியம்மாள், சர்நேம் சுப்பிரமணியன். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். போதாக்குறைக்கு இசக்கிக்கு முதல் எழுத்து ஒரு சான்றிதழில் ஆங்கில 'ஈ', இன்னொன்றில் 'ஐ'. டென்ட்பின் (தேர்வு எழுதுகிறவருக்குத் தரும் அடையாள எண்) பதிவிலும் தேர்வு விண்ணப்பத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இல்லையென்றால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போச்சு.

மார்க் ஷீட் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. வெளிநாட்டுப் படிப்பை எடைபோடும் ஈ.சி.இ. நிறுவனத்தின் மதிப்பீட்டுக்கு டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்தே போக வேண்டும். நீங்கள் உறையைப் பிரித்துப் பார்த்து ஒட்டி அனுப்பினால் செல்லாது. எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம் என்றால் கிண்டி. நெல்லை எக்ஸ்பிரசில் இரண்டு தடவை போய்வருவதாக இருந்தாலும் டிக்கெட் போடுவதற்கு முன்பே முடியுங்கள், டல்லாசிலிருந்து அப்பாவை அலைய விடாதீர்கள். சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாயப் பயிற்சி வருடம்) சான்றிதழ், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலின் குட் ஸ்டாண்டிங் (புகார் எதுவும் இல்லை என்கிற சான்று) இரண்டையும் கையோடு வாங்குங்கள். கவுன்சில் பதிவைக் காலாவதியாக விட்டால் குட் ஸ்டாண்டிங் கேட்கும்போது கை பிசைய வேண்டிவரும். அந்த 'ஈ'யா 'ஐ'யா வழக்கையும் ஊரில் இருக்கும்போதே தீர்த்துவிடுங்கள்.