வீட்டுக்குள் அடைபட்ட பெண் எப்படிக் கவிஞரானார்? (சல்மா)

வெளியே போகவே அனுமதி இல்லாத சல்மா எப்படி எழுதினார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒளிந்துதான். 1968-இல் பிறந்தவர், ஊர் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சி. வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் எழுதவும் தடை. ராத்திரியில் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நின்றபடியே காகிதத்தில் எழுதி மறைத்துவைப்பார். அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு மனம் கனத்துவிடும். அந்தக் காகிதங்களை வெளியே சேர்த்தவர் அவருடைய அம்மா. ஊருக்குத் தெரியாதிருக்கத்தான் 'சல்மா' என்ற புனைபெயர். சிற்றிதழ்கள் அவரை அரவணைத்தன. 2000-இல் காலச்சுவடு பதிப்பகம் முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டது.

சரி, பொதுவாழ்க்கை? 2001-இல் அவருடைய ஊர் அடங்கிய பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வீட்டாரே அவரைப் போட்டியிட வைத்தார்கள், ஜெயித்தார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரானார்.